நாற்பதில் நான்குதான் அறும்

ஜூன் 9, திங்கள்

பொள்ளாச்சிப் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பெரிய பாக்கியம் என்று நினைத்து உட்கார்ந்தால், பின்னால் இருந்தவர் வழி முழுக்கத் தும்மிக்கொண்டே வந்தார்.

ஆறு வருடமாக முனைவர் பட்டத்துக்காகச் சாதனை மதிப்புகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். வரிசையாக வரும் எண்களில், அதுவரை வந்த எல்லாவற்றையும் மிஞ்சுகிற எண்ணுக்குப் புள்ளியியலில் அந்தப் பெயர். மேலே மிஞ்சினாலும் சாதனைதான், கீழே இறங்கினாலும் சாதனைதான். "முப்பத்தாறு வயசாச்சு தமயந்தி, இன்னும் எத்தனை எண்ணுடி பாக்கி?" என்று அம்மா கேட்கிறாள். ஆய்வுக் குழுவோ, சூத்திரமெல்லாம் சரி, நிஜத் தரவு எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டது. கௌரவ விரிவுரையாளர் சம்பளத்தில் நிஜத் தரவுக்கு நான் எங்கே போவேன்?

பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னை ஏறுகிறவர்களுக்கான பாதுகாப்பு பெல்ட் தைக்கும் பெண்கள் சங்கம் ஒன்று இருக்கிறது. தலைவி சாரதாமணியக்கா. எட்டுப் பேர் தைக்கிறார்கள். ஓர் உழவர் நிறுவனம் தன் மரமேறிகள் அத்தனை பேருக்கும் இவர்களிடமே பெல்ட் வாங்கத் தயார். ஆனால் அவர்களுடைய பொறியாளர் அருள்மொழி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: நாற்பது பெல்ட்டை அறும்வரை இழுத்துக் காட்ட வேண்டும், ஒன்றுகூட ஆயிரத்து ஐந்நூறு கிலோவுக்குக் கீழே அறக் கூடாது. நாற்பதையும் அறுத்துவிட்டால் சங்கத்திடம் விற்க என்ன மிஞ்சும் என்பது அக்காவின் கேள்வி.

அதற்குத்தான் நான். முதல் பெல்ட்டை அறும்வரை இழுப்போம். இரண்டாவதை, முதலாவது அறுந்த கிலோ வரைக்கும் மட்டும் இழுப்போம், தாங்கினால் கழற்றிவிடலாம். அதற்கு முன்பே அறுந்தால் அது புதிய கீழ்ச் சாதனை, இனி அதுதான் எல்லை. இப்படியே நாற்பது வரை. அறுவது நாலைந்துதான் இருக்கும், ஆனால் நாற்பதிலும் மிக மோசமானது எது என்பது தெரிந்துவிடும். இழுபட்டும் அறாதவற்றை ஆள் மாட்டக் கூடாது. தேங்காய்க் குலையைக் கட்டி இறக்க வைத்துக்கொள்ளலாம்.

"அதெப்படிங்க அம்மிணி, இழுத்துப் பாக்கறதுக்கு முன்னாடியே நாலுதான் அறும்னு சொல்றீங்க?" என்றார் அக்கா. எட்டுப் பேரையும் வரிசையாக நிற்க வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நிற்க வைத்தால், எட்டாவதாக நிற்பவர்தான் எல்லோரிலும் குள்ளம் என்பதற்கு எட்டில் ஒரு வாய்ப்பு. மூன்றாவதாக நிற்பவர் அதுவரை நின்றவர்களில் குள்ளமாக இருக்க மூன்றில் ஒன்று. ஒன்று, அரை, மூன்றில் ஒன்று என்று நாற்பதில் ஒன்று வரை கூட்டினால் நான்கைத் தாண்டிக் கொஞ்சம் வரும். அவர்கள் நெட்டையா குட்டையா என்பதே கணக்கில் கிடையாது. கடைசியில் நின்ற துளசி உண்மையிலேயே குள்ளமாக இருந்து எல்லோரும் சிரித்ததில் பாடம் அதோடு முடிந்தது.

இழுக்கும் மிஷினைச் செய்தவர் நாச்சிமுத்து. பக்கத்திலேயே லேத்துப் பட்டறை. ஹைட்ராலிக் ஜாக்கி, மூன்று டன். மேலே தடித்த இரும்பு பின் ஒன்று. அதில்தான் பெல்ட்டின் தைத்த மடிப்பை மாட்ட வேண்டும். நான் தொட்டுப் பார்த்ததற்கு, கை வைக்காதீங்க என்று ஒரே வார்த்தை. பேச்சுக்குக் காசு கேட்பார் போல.

ஜூன் 12, வியாழன்

கல்லூரியில் உள்தேர்வு மேற்பார்வை. துணி துவைத்தேன். அம்மாவுக்கு முட்டி வலித் தைலம் வாங்கினேன். சனிக்கிழமைக்கு நீல நிறக் காட்டன் புடவையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். பட்டறைக்குப் போக அதுதான் வசதி.

ஜூன் 14, சனி

தோல்வி. வேறு வார்த்தை இல்லை.

முதல் பெல்ட் இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பதில் அறுந்தது. பெண்கள் கை தட்டினார்கள். அப்புறம் அறுந்துகொண்டே போயிற்று. நாலைந்து அறும் என்று ஊரைக் கூட்டிச் சொன்னேன், பதினொன்று அறுந்தது. கடைசியாக அறுந்தது ஆயிரத்து நானூற்று இருபதில். அருள்மொழியின் எல்லைக்குக் கீழே.

ஒவ்வொன்று அறும்போதும் அக்கா அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடிவிடுகிறார். அறுந்த பெல்ட் பட்டறைக்குள் ஒரு நிமிடம் கூட இருக்கக் கூடாதாம். மரத்தின் மேலே இருப்பவன் உயிர் அதில் தொங்குகிறது, வைத்திருந்தால் ஆகாது என்று கற்பூரம் வைத்துக் கொளுத்திவிடுகிறார்கள். பதினோரு முறை கற்பூர வாசனை. சாமி கும்பிடுகிற மனநிலையில் யாரும் இல்லை.

கடைசியில் அறுந்தது கிரேசி தைத்தது. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கீழே வந்து சங்கத்தில் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. அறுந்த பதினொன்றில் இரண்டு அவளுடையவை.  டீ வந்தபோது அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. திங்கட்கிழமை கூட்டம் போட்டு அவளை நிறுத்திவிடுவார்கள் என்று துளசி என் காதில் சொன்னாள்.

எனக்கும் சரியென்றே பட்டது. கடைசியாக வந்தவள், தையல் பழகவில்லை. என் தரவு வீணாகிறதே என்ற எரிச்சல்தான் எனக்கு. மற்றபடி அந்தப் பெண்ணிடம் எனக்கு என்ன?

ஜூன் 15, ஞாயிறு

அம்மா இட்லி வைத்தாள். பாதியில் எழுந்துவிட்டேன். எண் குடைகிறது.

கடைசி அறுப்பை மட்டும் எல்லோரும் பார்க்கிறோம். பதினொன்று என்ற எண்ணிக்கையை யாரும் பார்க்கவில்லை, நான் உட்பட. ஆறு வருடம் நான் எழுதியதன் முதல் பக்கத்திலேயே இருக்கிறது: பெல்ட் உறுதியானதோ நைந்ததோ, சாதனைகளின் எண்ணிக்கை மாறாது. எண்ணிக்கை எகிறினால் ஒரே அர்த்தம்தான். வரிசையில் போகப் போக ஏதோ ஒன்று மாறிக்கொண்டே போகிறது.

சரி, வரிசையை யார் வைத்தது? சாரதாமணியக்கா. எப்படி வைத்தார்? பந்தியில் உட்கார வைக்கிற மாதிரி. மூத்தவர் தைத்தது முதலில், அடுத்தவர் தைத்தது அடுத்து, கிரேசியுடையது கடைக்கோடியில். மரியாதையாம். கண்ணை மூடிக்கொண்டு நிற்க வைக்க வேண்டும் என்று நான் தொண்டை வறளச் சொன்னது இதற்குத்தானா! ஆனால் கூடவே நின்று பார்த்தவள் நானும்தான்.

மூத்தவர் நன்றாகத் தைக்கிறார், இளையவர் சுமாராகத் தைக்கிறார் என்றால் பதினொன்று வரலாம். அல்லது வேறு ஏதோ. தப்பு கிரேசியுடையது என்று இதை வைத்து யாரும் சொல்ல முடியாது.

ஜூன் 16, திங்கள்

அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போய் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. அடுத்த நாற்பதைக் குலுக்கல் போட்டு எடுக்க வேண்டும், அதுவரை யாரையும் நிறுத்தக் கூடாது என்றேன். மூத்தவர்களை விட்டுவிட்டு இளையவளுடையதை முன்னால் மாட்டுவது முறையில்லை என்று அக்கா. சங்கத்துச் சீட்டுப் பணத்துக்குக் குலுக்கும்போது மூப்பா பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது. வாசலில் நின்றிருந்த நாச்சிமுத்து, மேடம் சொல்றது ஞாயந்தானுங்க என்றார். அவர் பேசிய அதிர்ச்சியிலேயே தீர்மானம் நிறைவேறியிருக்க வேண்டும்.

கிரேசி பேருந்து நிறுத்தம் வரை கூடவே வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம் என்பதற்குத் தயாராக இருந்தேன். அவள் சொன்னது வேறு.

"என் வீட்டுக்காரரும் மரம் ஏறுறவருதான் மேடம். நான் தைச்ச பெல்ட்டுலதான் தினமும் ஏறுறார். என் தையல் நெசமாவே மோசம்னா அத மொதல்ல எங்கிட்ட சொல்லிருங்க. வேல போனா போகட்டும்."

 வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பைத்தான் திறந்தேன். எனக்கு என்ன என்று சனிக்கிழமை எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். கிடக்கட்டும்.

ஜூன் 21, சனி

எவர்சில்வர் சொம்பில் நாற்பது துண்டுச் சீட்டு. குலுக்கி எடுத்தது துளசி. முதல் சீட்டிலேயே சாரதாமணியக்கா பெயர். அக்கா முகத்தில் ஒரு சின்னப் பெருமை. கடைசியில் முறை தவறவில்லை பாருங்கள் என்பது போல.

ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறில் அறுந்தது.

கிரேசியுடைய மிக மோசமான பெல்ட்டையும்விடக் கீழே.  அக்கா அதைக் கையில் எடுத்தார், கொல்லைப்பக்கம் போனார், கொளுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இருபது வருடம் தைத்த கை. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவள் கிரேசிதான்.

தொடர்ந்து இழுத்தோம். இருபது பெல்ட்டில் ஒன்பது அறுந்தது, ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கீழே. அதோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். கிரேசியை நிறுத்தும் பேச்சு போய், சங்கத்தையே இழுத்து மூடும் பேச்சு வந்துவிட்டது. நூல் மோசம் என்கிறார்கள், நாடா மோசம் என்கிறார்கள். அருள்மொழி கொடுத்திருக்கும் அவகாசம் அடுத்த சனிக்கிழமை வரைதான். அதற்குள் காட்டாவிட்டால் வேறு ஊர்க்காரர்களிடம் வாங்கிக்கொள்வார்.

ஜூன் 22, ஞாயிறு

நூல் அல்ல. நாடாவும் அல்ல.

நூல் மோசம் என்றால் எல்லா பெல்ட்டும் சீக்கிரம் அறும், சரி. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி மோசமாக இருந்தால் இருபதில் மூன்று நான்குதான் சாதனை வரும். ஒன்பது வராது. குலுக்கிப் போட்டதால் தைத்தவர் யார் என்பதும் வரிசையில் கலைந்துவிட்டது. அப்படியானால் இழுக்க இழுக்க மாறியது பெல்ட் அல்ல. அங்கே பெல்ட்டைத் தவிர வேறென்ன இருந்தது?

ஒன்றுதான் இருந்தது. அதை எழுதக் கை வரவில்லை. தலைவலி.

ஜூன் 23, திங்கள்

வகுப்பு நிறைய. நாச்சிமுத்துவின் எண் என்னிடம் இருக்கிறது. தொலைபேசியில் சொல்வது சரியல்ல.

ஜூன் 24, செவ்வாய்

நேரில் போக நேரமில்லை. உண்மையில் நாலு மணிக்கே வகுப்பு முடிந்துவிட்டது. ஜவுளிக்கடைக்குப் போய் எதுவும் வாங்காமல் வந்தேன்.

ஒருவர் தன் கையால் கடைந்த இரும்பை, ஊர் முன்னால் தப்பு என்று சொல்ல வேண்டும். அதுவும் எனக்காகக் கூட்டத்தில் வாய் திறந்தவர். எந்தச் சூத்திரத்திலும் இதற்கு வழி இல்லை.

ஜூன் 25, புதன்

சொல்லிவிட்டேன்.

பட்டறையில் எல்லோரும் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் கிரேசியை எல்லோர் முன்னாலும்தானே சந்தேகப்பட்டோம். அதனால் நடுவில் நின்று, பெல்ட் ஒன்றுகூட மோசமில்லை, மிஷின்தான் மாறிக்கொண்டே வருகிறது என்றேன். எப்படித் தெரியும், உள்ளே திறந்து பார்த்தீர்களா என்று நாச்சிமுத்து கேட்டார். திறக்கவில்லை, எண்ணிப் பார்த்தேன் என்றேன்.

"நான் கடைஞ்ச பின்னுங்க அது. மூணு டன்னுக்கும் வளையாது. எண்ணிப் பாத்து இரும்பக் கொற சொல்றவங்கள இன்னிக்குத்தான் பாக்கறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. சரி, ஒன்றே ஒன்றை இழுங்கள் என்றேன். இழுத்தார். ஆயிரத்து முந்நூறுக்கும் கீழே அறுந்தது. வழக்கம்போல அக்கா கை நீட்டினார். நான் முந்திக்கொண்டு அதைப் பிடுங்கி, என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். அக்கா அதிர்ந்துபோய்விட்டார். ஆகாது அம்மிணி, உயிர்ப் பொருள், கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினார். இருபது பெல்ட் எதற்காகச் செத்தது என்றே தெரியாமல் எரித்துவிட்டோம் அக்கா, இதையாவது பார்த்துவிட்டு எரிப்போம் என்றேன். நான் சொன்னது அவருக்கு எப்படிப் பட்டதோ, கை தானாகக் கீழே இறங்கியது.

வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தோம். தையல் ஒரு இழை கூட நழுவவில்லை. மடிப்பின் ஒரு ஓரம் மட்டும், பிளேடால் கீறிய மாதிரி நேராக வெட்டுப்பட்டிருந்தது. மீதிதான் பிய்ந்திருந்தது. நாச்சிமுத்து மிஷினிடம் போய், பின்னின் அடிப்பக்கம் விரலை ஓட்டினார். விரலை எடுத்தபோது ரத்தம்.

ஒவ்வொரு பெல்ட்டும் அறும்போது அதன் இரும்புக் கொக்கி துள்ளி அந்தப் பின்னில் அடித்திருக்கிறது. அடித்த இடத்தில் பிசிறு. பிசிறு அடுத்த பெல்ட்டைக் கீறியிருக்கிறது. அதனால் அது சீக்கிரம் அறுந்து, தன் பங்குக்கு இன்னொரு பிசிறு. அறுந்ததை ஒரு நிமிடம் கூட வைத்துப் பார்க்காததால் இது எவர் கண்ணிலும் படவில்லை.

"என்ற தப்புங்க" என்றார் நாச்சிமுத்து. அக்கா பக்கம் பார்த்துச் சொல்லவில்லை. கிரேசி பக்கம் பார்த்துச் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விரலுக்குத் துணி சுற்றிவிட்டேன். கிட்டத்தில் நின்றது நான்தான், அதனால்.

வரும் வழியில் பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவில்லை. ஆறு வருடமாகக் காகிதத்தில் மட்டும் இருந்த ஒன்று, திறந்தே பார்க்காத இரும்புக்குள் இருந்த கோளாறைச் சொல்லியிருக்கிறது! மகிழ்ச்சியில் நடத்துநரிடம் மீதிச் சில்லறை வாங்க மறந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

நாச்சிமுத்துவே அழைத்தார். புதுப் பின் கடைந்து, மேலே கழற்றி மாற்றுகிற மாதிரி பித்தளைக் குழல் போட்டு, கொக்கி வந்து அடிக்காமல் ரப்பர் தடுப்பும் வைத்துவிட்டாராம். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் குழலை மாற்றிவிடுவாராம். சாரதாமணியக்கா கிரேசியைத் தன் பக்கத்து மிஷினுக்கு மாற்றி உட்கார வைத்திருக்கிறார் என்றும் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை அக்கா வாயில் வராது, அதுதான் அவருடைய மன்னிப்பு.

நாளைக்கு எத்தனை அறும் என்று கேட்டார். நான்கு, ஒன்றிரண்டு முன்னே பின்னே என்றேன். அப்புறமும் கொஞ்ச நேரம் பேசினோம். மழையைப் பற்றித்தான்.

ஜூன் 28, சனி

வெற்றி, வெற்றி, வெற்றி. மூன்று முறை எழுதியும் போதவில்லை.

அருள்மொழி வெள்ளைச் சட்டையில் வந்தார். வந்ததும், நாற்பதையும் அறுக்காமல் என்னை ஏமாற்றப் பார்க்கிறீர்களா என்ற பார்வை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. சொம்பை அவர் கையிலேயே கொடுத்துக் குலுக்கச் சொன்னோம்.

முதல் பெல்ட்: இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபது. அறுந்ததை அக்காவே எடுத்து மேசைமேல் எல்லோரும் பார்க்க விரித்து வைத்தார்.  கற்பூரம் சாயங்காலம் மொத்தமாக என்று முடிவு. ஏழாவது பெல்ட், இரண்டாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. பிறகு ஒன்று, இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது. பிறகு வெகு நேரம் எதுவும் அறவில்லை. மாட்டு, இழு, கழற்று. மாட்டு, இழு, கழற்று. இருபதுகளில் ஒன்று இரண்டாயிரத்து எழுநூற்றுப் பதினைந்தில் போனது. மூன்று, நான்கு என்று பெண்கள் என் முகத்தைப் பார்த்து விரல் விட்டார்கள். முப்பதைத் தாண்டியும் ஒன்றும் அறவில்லை. நாற்பதாவதைக் கழற்றி நாச்சிமுத்து கீழே வைத்தார்.

நான்கு.

அருள்மொழி என்னிடம் திரும்பி, நாற்பது சரி, நாளைக்கு ஆயிரம் பெல்ட் வாங்கினால் அதில் ஒன்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். இந்தக் கேள்விக்காக நான் ஆறு வருடம் காத்திருக்கிறேன் ஐயா! ஒவ்வொரு சாதனையும் ஒரு படி கீழே இறங்குவது. இங்கே ஒரு படி சராசரி ஐம்பது கிலோ சொச்சம். ஆயிரம் பெல்ட் இழுத்தாலும் சாதனை ஏழெட்டுக்கு மேல் வராது. அத்தனை படியும் இறங்கினாலும் இரண்டாயிரத்து ஐந்நூறு பக்கத்தில்தான் நிற்கும். என் கணிப்பில் தாராளமாகத் தவறு விட்டுக்கொண்டாலும் உங்கள் ஆயிரத்து ஐந்நூறு கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிறது. விரல் மடக்கிச் சொன்னேன். அவர் தானும் ஒரு தடவை மடக்கிப் பார்த்தார்.

"சரிங்க, ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணே ஒண்ண எங்கேயும் நிறுத்தாம, அறுவுற வரைக்கும் இழுங்க. கண்ணால பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

அலமாரியிலிருந்து இதுவரை இழுபடாத புது பெல்ட் ஒன்றை அவரே உருவினார். பின்பக்கம் கிரேசியின் தையல் குறி. அவள் ஒரு அடி பின்னால் போனாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாச்சிமுத்து ஜாக்கியின் கைப்பிடியை அடித்தார். இரண்டாயிரத்து ஐந்நூறு. எழுநூறு. எண்ணூற்று எழுபதைத் தாண்டியபோது துளசி கத்திவிட்டாள். தொள்ளாயிரம். இன்னும் அடியுங்கள் என்றார் அருள்மொழி, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய். முள் மூவாயிரத்தைத் தொட்டு, போக இடமில்லாமல் நின்றது. நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இன்னும் ஒரு அடி.

டப்பென்று சத்தம். கிரேசி கண்ணை மூடிக்கொண்டாள்.

அறுந்தது பெல்ட் அல்ல. ஜாக்கியின் வாஷர் பிய்த்துக்கொண்டு, எண்ணெய் அத்தனையும் பொறியாளரின் வெள்ளைச் சட்டையில். பெல்ட் பின்னில் அப்படியே தொங்கியது, ஒரு இழை பிரியாமல்.

 அருள்மொழிதான் முதலில் சிரித்தார். எண்ணெய்க் கையோடேயே கையெழுத்துப் போட்டார்; காகிதத்தில் விரல் ரேகையும் பதிந்துவிட்டது. சாரதாமணியக்கா கிரேசியைக் கட்டிக்கொண்டு அழுதார், நான் யாரையும் கட்டிக்கொள்ளாமல் அழுதேன். இன்றைய மேல் சாதனையின் மதிப்பு என்ன என்று எனக்குத் தெரியாது. அதை அளக்க அங்கே மிஷின் இல்லை. ஆய்வேட்டில் மூவாயிரத்துக்கு மேல் என்று மட்டும் எழுதுவேன், குழு என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும்.

தரவெல்லாம் சேர்ந்துவிட்டது. இனி நான் பொள்ளாச்சிக்குப் போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. நாளைக் காலை ஏழரைப் பேருந்து. ஜாக்கிக்கு வாஷர் மாற்றும்போது பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்.